‘இல்லை’ என்று சொல்ல எத்தனை நாள் தேடினீர்கள்?

மேலூர் வட்டார மக்கள் பெற்ற வெற்றியை நாடு மறந்திருக்காது. மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்துவிட்டது என்று 2024 நவம்பரில் டெல்லி அறிவித்தது. ஏறத்தாழ 5,000 ஏக்கர்! அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டியும் அகப்பட்டுக் கொண்டது. கிராம சபைகள் கூடின, தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9-ஆம் நாள் தமிழக சட்டமன்றம் ஒரு மனதாக எதிர்ப்புத் தெரிவித்தது. 2025 ஜனவரி 7-இல் மேலூரிலிருந்து மதுரையை நோக்கி மக்கள் வெள்ளம் புறப்பட்டது. ஜனவரி 23-ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வெற்றி வெற்றிதான். மாலை சூட்டி மகிழ்ந்தோம். ஆனால் அந்தப் போராட்டத்தில் நம் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்றை நாம் இன்னும் சரியாக எடை போட்டுப் பார்க்கவில்லை. அது ஓர் எண். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் உண்டு என்று எடுத்துக் காட்டியது. மேடைதோறும் அந்த எண் முழங்கியது. டெல்லியால் அதை மறுக்க முடியவில்லை.

தோழர்களே, ஒரு கேள்வி. சுரங்கம் தோண்ட வருகிறவர் அமர்த்திய நிபுணர் நால்வர், கோடையில் ஒரு பத்து நாள் அந்த மலைமேல் நடந்துவிட்டுப் போயிருந்தால், 250 என்ற எண் வந்திருக்குமா? குளிர்காலத்தில் வலசை வரும் பறவை கோடையில் எப்படிக் கண்ணில் படும்? இரவில் பறக்கும் ஆந்தை பகலில் எப்படிக் கணக்கில் ஏறும்? அறுபதோ எழுபதோ பெயர்களை எழுதி, கீழே ஒரு வரியும் எழுதியிருப்பார்கள்: “இப்பகுதியில் அரிய உயிரினம் எதுவும் காணப்படவில்லை.” அந்த ஒரு வரி போதும். அதன்மேல் முத்திரை விழும். முத்திரையின்மேல் இயந்திரம் ஏறும்.

காணப்படவில்லை என்பது வந்தவர் கண்ணைப் பற்றிய செய்தி. இல்லை என்பது அந்த நிலத்தைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதை எழுதி இரண்டாவதாக வாசிக்க வைக்கும் வித்தை இந்த நாட்டில் ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. அதைத்தான் இன்று ஆராய விரும்புகிறோம்.

எண்ணுகிறவர் யார்?

பெரிய சுரங்கமோ, அணையோ, அனல்மின் நிலையமோ, துறைமுகமோ எழுப்புவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1994-இல் முதல் அறிவிக்கை வந்தது. 2006 செப்டம்பர் 14-இல் அதன் இடத்தில் புதிய அறிவிக்கை வந்தது. திட்டத்தால் என்ன பாதிப்பு நேரும் என்று ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். அதில் காற்று, நீர், மண் ஆகியவற்றோடு, அங்கே வாழும் செடி கொடிகள், விலங்குகள், பறவைகள், பூச்சிகள் பட்டியலும் இருக்க வேண்டும்.

அந்த அறிக்கையைத் தயாரிப்பவரை அமர்த்துவது யார்? திட்டம் போடும் முதலாளியே! கூலி கொடுப்பதும் அவரே. பொருளை விற்கிறவன் கையிலேயே தராசும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்தான் எழுத வேண்டும் என்று விதி உண்டு என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. அவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் பத்து நாள் கூலிக்கு வந்தவர் பதினோராவது நாள் யார் செலவில் தங்குவார்? கூலிக்கு உழைப்பவர்களாகிய நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது வெறும் ஐயப்பாடு என்று தள்ளிவிட வேண்டாம். கோவாவில் மோப்பா விமான நிலையத் திட்டத்துக்கு வழங்கிய அனுமதியை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே நிறுத்தி வைத்தது. சுற்றுச்சூழல் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கிய விவரங்கள் சொல்லப்படவில்லை என்பதே காரணம். மறு பரிசீலனை நடந்து, கூடுதல் நிபந்தனைகளோடு 2020 ஜனவரியில்தான் திட்டம் மேலே சென்றது.

இன்னொரு விந்தையும் உண்டு. மழைக்காலம் நீங்கலாக ஏதேனும் ஒரு பருவத்தில் தரவு திரட்டினால் போதும் என்ற வழக்கம், ‘விரைவு ஆய்வு’ என்ற பெயரில் 1994-லேயே புகுந்துவிட்டது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு அறிவிக்கையும், நதிப் பள்ளத்தாக்குத் திட்டங்கள் தவிர மற்றவற்றுக்கு மழைக்காலம் அல்லாத ஒரே பருவம் போதும் என்றது. காற்றில் பறக்கும் தூசியை அளப்பதற்கு மழை இல்லாத பருவம் ஏற்றதுதான். மழை பெய்தால் தூசி அடங்கிவிடும். தூசிக்குப் பொருந்திய பருவம் தவளைக்குப் பொருந்துமா?

மழைக்கு மட்டும் முகம் காட்டும் உயிர்

தவளை என்று சும்மா சொல்லவில்லை. 2003-இல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து ஒரு தவளையை விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். கட்டப்பனை அருகே மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. ஊதா நிறம், உப்பிய உடல், கூர்மையான சிறு மூக்கு. ஊதாத் தவளை என்றே பெயராயிற்று. ஆராய்ந்து பார்த்தால் அதன் நெருங்கிய உறவுக்காரர்கள் கடலுக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள்! இரு கிளைகளும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவ்வளவு பழைய குடி நம் மலையில் இருக்கும் செய்தி 2003 வரை விஞ்ஞான ஏடுகளில் ஏறவில்லை.

காரணம் என்ன? ஆண்டு முழுதும் அது மண்ணுக்குள் கறையான் தின்று வாழ்கிறது. பருவமழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள்கள் மட்டும் மேலே வருகிறது. மறுபடியும் மண்ணுக்குள் போய்விடுகிறது. “மழைக்காலம் நீங்கலாக” என்று விதி எழுதியவர், இந்தத் தவளை இருக்கிறதா என்று பார்க்கும் கதவைப் பூட்டிச் சாவியையும் எறிந்துவிட்டார்.

இந்தக் கதைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் இருக்கும் இதன் உடன்பிறப்பை 2017-இல் தனி இனமாக விவரித்தார்கள். கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி மறைந்த விஞ்ஞானி பூபதியின் பெயரை அதற்கு இட்டார்கள். மேற்கே இருப்பது தென்மேற்குப் பருவமழைக்கு வெளிவருகிறது. கிழக்கே இருப்பது வடகிழக்குப் பருவமழையோடு தன் வாழ்வைப் பொருத்திக் கொண்டிருக்கிறது. ஒரே மலை, இரண்டு சரிவு, இரண்டு மழை, இரண்டு கணக்கு.

இடுக்கி மலையில் வாழும் மக்களோ, ஓடைப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் அதன் தலைப்பிரட்டைகளைப் பிடித்து உண்டு வந்திருக்கிறார்கள். ஏட்டில் ஏறாத உயிர் ஊராருக்குத் தெரிந்த உயிராக இருந்தது. இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலாயா வண்ணத்துப்பூச்சிகள் சொன்ன பாடம்

“அப்படியானால் எதைத்தான் நம்புவது? எத்தனை நாள் தேடினாலும் ஏதோ ஒன்று மறைந்திருக்கத்தானே செய்யும்?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காணாததையும் கணக்கில் கொண்டுவர முடியுமா? முடியும் என்கிறது விஞ்ஞானம்.

இரண்டாவது உலகப் போருக்கு முன்பு மலாயாவில் ஸ்டீவன் கார்பெட் என்பவர் வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்துச் சேகரித்தார். 620 வகைகள் சேர்ந்தன. அவற்றுள் 118 வகைகளில் ஒரே ஒரு பூச்சிதான் கிடைத்தது. 74 வகைகளில் இரண்டிரண்டு. 44 வகைகளில் மும்மூன்று. இன்னும் இதே அளவு காலம் பிடித்தால் எத்தனை புது வகைகள் கிடைக்கும் என்ற கேள்வி எழுந்தது. புள்ளியியல் மேதை ரொனால்டு பிஷர் 1943-இல் கணக்கிட்டு, சுமார் 75 என்றார். பிடிக்காத பூச்சிக்குக் கணக்கு! மந்திரமா? இல்லை. ஒற்றையாக அகப்பட்டவையே அந்தக் கணக்கின் சாவி.

எளிமையாகச் சொல்வோம். மாநாட்டுப் பந்தலின் வாயிலில் நின்று வருகிறவர்களின் ஊரைக் கேட்டு எழுதுகிறோம். முதல் ஆயிரம் பேரில், எழுதிய ஒவ்வோர் ஊரிலிருந்தும் பத்துப் பேர், இருபது பேர் வந்துவிட்டார்கள்; ஒற்றை ஆள் வந்த ஊரே இல்லை. வந்திருக்க வேண்டிய ஊரெல்லாம் ஏறக்குறைய வந்துவிட்டது என்று தெரிந்து கொள்ளலாம். ஆனால் முந்நூறு ஊர்களிலிருந்து ஆளுக்கு ஒருவராக வந்திருந்தால்? நம் குறிப்பேட்டில் ஏறாத ஊர்கள் பின்னால் இன்னும் பல இருக்கின்றன என்று பொருள். ஒற்றைகள் மிகுந்திருந்தால் தேடல் முடியவில்லை. ஒற்றைகள் அருகிவிட்டால் தேடல் முடியும் தறுவாயில் இருக்கிறது. அவ்வளவுதான் தத்துவம்.

போர்க்காலத்தில் எதிரியின் இரகசியக் குறியீட்டை உடைத்த ஆலன் டூரிங்கும் இதே உண்மையைக் கண்டார். அவருடன் பணியாற்றிய குட் 1953-இல் அதை வெளியிட்டார். அடுத்து அகப்படுவது இதுவரை காணாத வகையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஒற்றையாகக் கிடைத்த வகைகளின் எண்ணிக்கையை, பிடித்த மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

1984-இல் தைவான் நாட்டுப் பேராசிரியை ஆன் சாவோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒற்றைகளின் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, இரட்டைகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கால் வகுத்தால், காணாமல் விட்ட வகைகள் குறைந்தது எத்தனை என்று தெரியும் என்றார். மலாயாக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 118-ஐ 118-ஆல் பெருக்கினால் 13,924. இரட்டைகள் 74, அதன் இரு மடங்கு 148. வகுத்தால் 94. ஆக, 620 வகைகளைப் பிடித்த பிறகும் குறைந்தது 94 வகைகள் வலைக்கு வெளியே இருந்தன! பென்சிலும் காகிதமும் இருந்தால் எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்கு இது. கோடிக்கணக்கில் முதல் போடும் நிறுவனத்தின் அறிக்கைக்கு இது எட்டாத கணக்கா?

எவ்வளவு தேடினால் போதும்?

நம்மைப் பார்த்து ஒரு குற்றச்சாட்டு வீசப்படுவது வாடிக்கை. “இவர்கள் பூச்சியை எண்ணு, புழுவை எண்ணு என்று சொல்லிக் கொண்டே இருப்பார்கள். எண்ணி முடிப்பதற்குள் தொழில் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். வேலை வேண்டாமா உங்கள் பிள்ளைகளுக்கு?”

வேலை வேண்டும். ஆலையும் வேண்டும். இந்த நாட்டில் ஆலை வேண்டும் என்று நம்மைவிட உரக்கக் குரல் கொடுத்தவர் யார்? ஆனால் முடிவில்லாமல் எண்ணுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே நிறுத்தலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆன் சாவோவும், கோல்வெல் முதலிய சக ஆய்வாளர்களும் 2009-இல் அதை வகுத்துக் கொடுத்தார்கள்: மதிப்பிட்ட மொத்த வகைகளில் நூற்றுக்கு 90-ஐயோ 95-ஐயோ எட்ட வேண்டுமானால், இன்னும் எத்தனை உயிர்களைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும்.

ஒரு கண்மாய்க் கரையை எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம். 5 நாள் வலை வீசினார்கள். 200 பூச்சிகள் கிடைத்தன, 40 வகைகள். 16 வகைகள் ஒற்றை. 4 வகைகள் இரட்டை. அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? “40 வகைகள் உள்ளன.” பார்ப்பதற்கு அழகான எண்!

நாம் கணக்குப் போடுவோம். 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256. இரட்டைகள் 4, இரு மடங்கு 8. 256-ஐ 8-ஆல் வகுத்தால் 32. ஆகவே அந்தக் கரையில் குறைந்தது 72 வகைகள் இருக்க வேண்டும். கண்டது நூற்றுக்கு 56 பங்கு. ஏறத்தாழப் பாதி உயிர்களைப் பார்க்காமலே பட்டியல் முடிந்துவிட்டது! அடுத்து அகப்படும் பூச்சி புதிய வகையாக இருக்கும் வாய்ப்பு 200-க்கு 16. அதாவது நூற்றுக்கு 8. நூற்றுக்கு 95 பங்கை எட்ட வேண்டுமானால் இன்னும் சுமார் 870 பூச்சிகளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். 5 நாளில் 200 என்றால், மேலும் 22 நாள் வேலை.

22 நாள்! முப்பது நாற்பது ஆண்டு ஓடப் போகிற திட்டத்துக்கு 22 நாள் தாமதம் பாரமா? இந்த 22 நாளைத்தான் தொழில் வளர்ச்சியின் கழுத்தை நெரிக்கும் கயிறு என்று கூவுகிறார்கள்.

முதல் நாளில் வகைகள் மளமளவென்று ஏறும். போகப் போக ஏற்றம் குறையும். கடைசியில் நாள் முழுதும் தேடினாலும் புதிதாக ஒன்றோ இரண்டோதான். அதை ஒரு கோடாக வரைந்தால், செங்குத்தாக ஏறிப் பின்னர் படுத்துவிடும். கோடு படுத்துவிட்டதா, ஏறிக் கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார்களா? இந்த ஒரு படத்தை அறிக்கையில் போடச் சொல்லுங்கள். நேர்மையான ஆய்வாளர் மகிழ்ச்சியோடு போடுவார். அவருக்கும் அது பாதுகாப்பு. “இன்னும் 22 நாள் தேவை” என்று முதலாளியிடம் கேட்பதற்கு அவர் கையிலும் ஒரு காரணம் கிடைக்கும்.

கணக்குக்கும் எல்லை உண்டு

இந்தக் கணக்கைப் பெற்றுக் கொண்டதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று கருதிவிடக் கூடாது. அது தருவது குறைந்தபட்ச எண். உண்மையில் அதற்கு மேலும் இருக்கலாம். மிகக் குறைவாகத் தேடியிருந்தால், அந்தக் குறைந்தபட்ச எண்ணும் மெய்யான தொகையைவிட வெகு கீழே நின்றுவிடும்.

இன்னும் முக்கியமானது ஒன்று. கோடையில் வீசிய வலை கோடை உயிர்களைப் பற்றித்தான் பேசும். கோடையில் கிடைத்த ஒற்றைகளை வைத்து எத்தனை முறை பெருக்கி வகுத்தாலும் மண்ணுக்குள் கிடக்கும் மழைத் தவளை விடையில் வராது. பகல் கணக்கில் இரவுப் பறவை வராது. கரையில் தேடியவர் கணக்கில் நீருக்குள் இருப்பது வராது. ஆகவே நாள்களைக் கூட்டுவது மட்டும் போதாது. பருவமும் மாற வேண்டும். நேரமும் மாற வேண்டும். இடமும் மாற வேண்டும். கோடையில் நூறு நாள் தேடிவிட்டோம் என்று மார்தட்டுகிறவரிடம், “மழையில் எத்தனை நாள்?” என்று கேட்கத் தோழர்கள் தயங்கக் கூடாது.

தவளைக்கும் நமக்கும் என்ன?

“நமக்கு ஆயிரம் தொல்லைகள். கூலி உயர்வு, நிரந்தரம், வீட்டு மனை. இதற்கிடையே தவளைக் கணக்கு எதற்கு?” என்று தொழிற்சங்கத் தோழர் ஒருவர் முகம் சுளிக்கலாம். அவருக்கு நாம் சொல்வது இதுதான்.

உங்கள் ஆலைக்கு ஆய்வாளர் வருகிறார். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, பகல் பதினொரு மணிக்கு வருகிறார். அலுவலகத்தில் காபி குடிக்கிறார். ஒரு பகுதியைச் சுற்றிப் பார்க்கிறார். “ஒப்பந்தத் தொழிலாளர் எவரும் காணப்படவில்லை; பாதுகாப்புக் குறைவு எதுவும் காணப்படவில்லை” என்று எழுதிவிட்டுப் போகிறார். இரவு ஷிப்டில் வேலை செய்கிறவன், பின்வாசல் வழியே வந்து போகிறவன், அடையாள அட்டை இல்லாதவன், இவர்களெல்லாம் எங்கே? அவர் கணக்கில் அவர்கள் இல்லை. கணக்கில் இல்லாதவனுக்குப் போனஸ் இல்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு இல்லை. மண்ணுக்குள் கிடக்கும் தவளையும், பின்வாசல் வழியே வரும் தொழிலாளியும் ஒரே பேனாவால் அழிக்கப்படுகிறார்கள். அந்தப் பேனாவைப் பிடித்து நிறுத்தக் கற்றுக் கொண்டால் இரண்டு இடத்திலும் பயன்படும்.

அன்றியும், ஒரு கண்மாயில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதப்படும்போது, அந்தக் கண்மாயை நம்பிய ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், கோரை அறுப்பவர் ஆகியோரின் பிழைப்பும் ஒன்றுமில்லை என்று எழுதப்படுகிறது. வெற்று நிலம் என்று பெயர் சூட்டுவது, விலை குறைத்து நிலம் வாங்குவதற்கு முதல் படி.

மக்கள் கண்ணை மூடும் ஆணை

இப்போது அண்மைக்கால நடப்புக்கு வருவோம். பத்து நாள் பட்டியலின் குறையைத் தட்டிக் கேட்பதற்கு மக்களுக்கு இருந்த வாய்ப்பு ஒன்றுதான்: பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006 அறிவிக்கையில் அதற்கு இடம் உண்டு. அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியில் தரப்பட வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்கள் எழுந்து நின்று பேசலாம். 2020 வரைவு அந்த 30 நாளை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. மக்கள் கருத்தைக் கேட்பதாகச் சொல்லி வந்த அந்த வரைவே முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது! எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதைப் பெயர்த்துக் கொடுங்கள் என்று 2020 ஜூன் 30-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. நம் மலையில் எது வாழ்கிறது என்ற செய்தியை நம் மொழியில் படிப்பதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதைத் தமிழ் மக்கள் மறக்கலாகாது.

அதற்கும் மேலே ஒரு படி, 2025 செப்டம்பரில் வந்தது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள், கேந்திரக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை பிறப்பித்தது. தமிழக முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முக்கியக் கனிமங்கள் என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வகுத்த பட்டியலில் எது இருக்கிறது தெரியுமா? டங்ஸ்டன்! மேலூர் மக்கள் வாய் திறந்து தடுத்து நிறுத்திய அதே டங்ஸ்டன்.

நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்பது அவர்கள் சொல்லும் காரணம். தேவையாக இருக்கலாம். தேவை பெரிதானால் கணக்கு இன்னும் ஒழுங்காக இருக்க வேண்டுமா, இல்லை கணக்கே வேண்டாமா? ஒரு பக்கம், முதலாளி கூலி கொடுத்து எழுதிய ஒரு பருவப் பட்டியல். மறு பக்கம், மூன்று தலைமுறையாக அந்த மலையடிவாரத்தில் வாழ்ந்து, எல்லாப் பருவமும் எல்லா நேரமும் பார்த்த மக்கள். எந்தப் பக்கத்துத் தேடல் நீண்டது? ஊதாத் தவளையை ஏடு அறிவதற்கு முன்னே ஊர் அறிந்திருந்தது என்று முன்னே குறிப்பிட்டோம். நீண்ட தேடலை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, குறுகிய தேடலை மேசைமேல் வைத்து முடிவெடுப்பதற்கு விஞ்ஞானம் என்று பெயர் சூட்டுகிறார்கள். விஞ்ஞானமே அதை ஏற்காது என்பதைத்தான் மேலே எடுத்துக் காட்டினோம்.

நாம் செய்ய வேண்டியவை

கண்டனத் தீர்மானம் போடுவோம். அது நம் கடமை. அத்தோடு நிற்காமல் இன்னும் சிலவற்றைச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, எந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தாலும், அங்கே செல்லும் தோழர்கள் நான்கு கேள்விகளை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். எந்தெந்த நாள்களில், எந்த நேரத்தில், எத்தனை இடங்களில் தேடினீர்கள்? மழைக்காலத்தில் தேடினீர்களா? ஒரே ஒரு முறை மட்டும் கண்ட வகைகள் எத்தனை, இரு முறை கண்டவை எத்தனை? அந்தக் கணக்கின்படி நீங்கள் காணாமல் விட்டவை எத்தனை, நூற்றுக்கு 95-ஐ எட்ட இன்னும் எத்தனை நாள் வேண்டும்? கூச்சலுக்குப் பதில் சொல்லாமல் தப்பிவிடுவார்கள். எழுத்தில் கொடுத்த கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறும். நாளை வழக்கு மன்றத்திலும் வந்து நிற்கும்.

இரண்டாவதாக, 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, ஊர் மக்களைக் கேட்டு மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு எழுத வேண்டும். ஒப்புக்கு நிரப்பிய காகிதமாக அது அலமாரியில் தூங்கிவிடக் கூடாது. ஊராட்சிப் பொறுப்பில் இருக்கும் நம் தோழர்கள் அதைக் கையில் எடுக்க வேண்டும். பெயரை மட்டும் எழுதாமல், எந்த நாள், எந்த இடம், எத்தனை, யார் பார்த்தார் என்று நான்கையும் எழுதச் சொல்லுங்கள். “ஒரே முறைதான் பார்த்தேன், இதை எதற்கு எழுதுவது?” என்று ஒரு மேய்ப்பர் தயங்கினால் விடாதீர்கள். ஒற்றையாகக் கண்டதே இந்தக் கணக்கின் உயிர்நாடி. பள்ளி ஆசிரியர்களும், கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்களும் மழைக்காலத்தில் ஒரு முறை, குளிர்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை அந்தப் பதிவேட்டைப் புதுப்பிக்க உதவலாம்.

மூன்றாவதாக, மத்திய அரசின் முன் வைக்கும் கோரிக்கை. ஒரு பருவ வழக்கத்தை ஒழியுங்கள். எந்த அறிக்கையாயினும் தேடிய அளவையும், காணாமல் விட்டதன் மதிப்பீட்டையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஆய்வாளருக்கான கூலியைத் திட்ட முதலாளியிடமிருந்து பெற்று, பொது நிதி ஒன்றின் வழியாகக் கொடுங்கள். செலவு அவருடையதே, எத்தனை நாள் தேடுவது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவரிடம் இருக்கக் கூடாது. மக்கள் கருத்துக் கேட்பை எந்தக் கனிமத்தின் பெயராலும் பறிக்காதீர்கள்.

அரிட்டாபட்டியில் ஓர் எண் நமக்குக் காவல் நின்றது. அப்படி ஓர் எண் இல்லாத ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உள்ளன. நாளை அங்கே ஒருவர் பட்டியலோடு வந்து “இங்கே ஒன்றுமில்லை” என்பார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: இல்லை என்று சொல்ல எத்தனை நாள் தேடினீர்கள்? விடை வரும்வரை, தோழர்களே, கையெழுத்துப் போடாதீர்கள்.